சிரிப்பு மட்டும் வராத டிஸ்க்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். வீணாய்ப்போன மூன்று டிஸ்க்குகளும் மேசை டிராயரில்தான் கிடக்கின்றன. போட்டே காட்டுகிறேன்.

அம்மா வீட்டில் தங்கையின் குழந்தை முதன்முதலாக நடந்ததை என் போனில் எடுத்திருந்தேன். நாலே முக்கால் நிமிட வீடியோ. இரண்டடி வைத்துவிட்டுக் குழந்தை தொப்பென்று உட்காரும். அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்பா இருந்தவரை, யார் சிரித்தாலும் தொண்டையைச் செருமுவார். ஒரே ஒரு செருமல்தான், வீடே அடங்கிவிடும். அவர் போய் இரண்டு வருடமாகிறது.

அம்மாவுக்கு போன் சரிப்படாது. அவளிடம் இருப்பது பழைய டிவிடி பிளேயர். போன் வீடியோவை அதற்கேற்ற ஃபார்மட்டுக்கு மாற்றி டிஸ்க்கில் ஏற்றினால்தான் ஓடும்.

“நான் சிரிச்சத நானே பாக்கணும்டி. போட்டுக் குடு.”

அம்மா வாய்திறந்து ஒன்று கேட்பதே அபூர்வம். சோதித்துப் பார்க்க பிளேயரையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு மதியம் 2.10. முதல் டிஸ்க். படம் நன்றாக ஓடியது. சரியாக 1:52-இல் சத்தம் நின்றது. அம்மாவின் வாய் மட்டும் சிரித்தது. ஒன்பது நொடி கழித்துச் சத்தம் திரும்பியது. போனில் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு கணீரென்று கேட்டது. ஆடியோ செட்டிங்கை மாற்றி மறுபடி ஏற்றினேன்.

2.48. இரண்டாவது டிஸ்க். அதே 1:52. அதே அமைதி. ஆனால் குழந்தை... போனில் அது அம்மாவைப் பார்க்கும். டிஸ்க்கில், மூலையில் இருந்த அப்பாவின் காலி நாற்காலியைப் பார்த்தது.

3.25. மூன்றாவது டிஸ்க்.

1:52.

அமைதி...

“க்ஹ்ம்...”

அப்பாவின் அதே செருமல். பயந்துபோய் பிளேயரை நிறுத்தினேன். அப்புறம் கோபம் வந்தது. பயத்தைவிடப் பெரிய கோபம்.

“உயிரோட இருந்தப்ப அவளச் சிரிக்க விடல. இப்பவும் விடமாட்டீங்களா? இன்னும் ஒரு டப்பா டிஸ்க் இருக்கு. நானாச்சு, நீங்களாச்சு.”

4.02. நாலாவது டிஸ்க்.

1:52.

அம்மா சிரித்தாள்.

அன்று மாலையே டிஸ்க்கையும் பிளேயரையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலை 10.20-க்கு அவளே போன் செய்தாள்.

“பதினோரு தடவ பாத்துட்டேன்” என்றாள். “பயந்துடுவியேன்னு உன்கிட்ட சொல்லல. அவர் போனதுக்கப்புறமும், நான் சிரிச்சா பின்னாடி அந்தச் செருமல் கேக்கும். குழந்தை விழுந்தப்பவும் கேட்டுச்சு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து கேக்கல. எங்க போச்சுன்னுதான் தெரியல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டில் நான் மட்டும்தான்.

என் முதுகுக்குப் பின்னால்...

“க்ஹ்ம்...”

திரும்பிப் பார்க்கவில்லை. முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

இன்றுவரை தினமும் சிரிக்கிறேன். அவரும் விடாமல் செருமுகிறார். யார் முதலில் ஓய்கிறோம் என்று பார்த்துவிடலாம்.