மகள் தமிழில் பதில் சொல்லாத காலை

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சொல்ல வந்ததில் பாதி இடையில் மறந்தும் போகும். பிழை இருந்தால் குறை நினைக்காதீர்கள்.

என் மகள் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பனியில் சொப்ட்வெயர் எஞ்சினியர். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு அறையில் இருந்துதான் வேலை. அவளுக்குக் கீழே வேலை செய்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரத் தம்பி. நான் தேத்தண்ணி கொண்டுபோனால் கம்பியூட்டருக்குள் இருந்து கூப்பிடுவார்.

"அம்மா, உங்க பொண்ணு ரொம்பத் திட்டறாங்க. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

"ஓம் தம்பி" என்றுவிட்டுக் கதவுப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். எனக்குக் கூச்சம்.

ஒருநாள் அவர், அடுத்த மாதம் மனைவிக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, லீவு வேண்டும் என்று கேட்டார். "அதுக்கென்ன, வடிவா எடும்" என்று மகள் சிரித்தாள்.

மறுநாள் காலை தேத்தண்ணியோடு போனேன். திரையில் அவரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் இருந்தார்கள். மகள் ஒரு தாளைப் பார்த்து இங்கிலிசில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா சொல்றீங்க? எனக்கு வேலை இல்லையா?" என்றார் அவர்.

மகள் இங்கிலிசிலேயே பதில் சொன்னாள்.

"அக்கா, தமிழ்ல சொல்லுங்க."

அதற்கும் இங்கிலிசுதான். "வீட்டுல நான் எப்படி" என்று அவர் தொடங்கியபோதே திரையில் அவருடைய முகம் இருந்த இடம் கறுத்து, தொடர்பு அறுந்து போனது. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு மகளிடம் கேட்டேன்.

"ஏன் பிள்ளை அவரோடை தமிழிலை கதைக்கேல்லை?"

"எழுதித் தந்ததைத்தான் வாசிக்கலாம் அம்மா. அந்த மேலிடத்து வெள்ளைக்காரி கேட்டுக்கொண்டு இருந்தவ."

"அவர் என்ன பிழை விட்டவர்?"

"ஒண்டுமில்லை. கம்பனியிலை ஆக்களைக் குறைக்கினம்."

கொஞ்ச நேரத்தில் மகளின் கைத்தொலைபேசி அடித்தது. அவர்தான். பக்கத்தில் நின்ற எனக்கும் குரல் கேட்டது.

"உங்களுக்கு எப்போ தெரியும்க்கா?"

"போன கிழமை" என்றாள், இந்த முறை தமிழில்.

"நேத்து நான் லீவு கேட்டப்பவும் தெரியுமா?"

"ஓம்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் திகைத்துப் போனேன். முதல்நாள் அவள் சிரித்ததை நானும் கேட்டேன். அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெற்ற எனக்கே தெரியவில்லை.

தாளில் உள்ளதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது எல்லாக் கம்பனியிலும் உள்ள வழக்கமா, நான் விளங்கிக்கொண்டது சரியா என்று அந்த வேலை தெரிந்த யாராவது பார்த்துத் திருத்தி விடுங்கள். மகளிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.