பெண் பார்த்துவிட்டுப் போனவன்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடை போடுகிறேன். உட்கார்ந்த வேலை. எனக்கு வலது காலில் யானைக்கால். வேட்டியை இறக்கிக் கட்டி, மேலே ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டால் வெளியே தெரியாது.

கட்டுகளில் மாத நாவல்கள் வரும். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். "என்னய்யா, இந்த வயசுல காதல் கதை கேக்குதா?" என்பார் முதலாளி.

போன ஐப்பசி மழையில் கடைக்கு ஆளே வரவில்லை. ஒரு நாவலை முழுதாகப் படித்தேன். பெண் பார்க்க வந்தவன், பெண் குண்டு என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் சாப்பாட்டை நிறுத்துகிறாள். பிறகு வேறொருவன் விரும்பி வருகிறான். அவளும் கண்ணாடி முன் நின்று, என் உடம்பு இதுதான், இருக்கட்டும் என்கிறாள். சுபமான முடிவு. என்னால்தான் அந்த முதல் ஆளைத் தாண்டிப் போக முடியவில்லை. அப்படிப் போனவன் நான்.

பதினெட்டு வருடம் முன்பு நானும் அக்காவும் சீர்காழிப் பக்கம் பெண் பார்க்கப் போனோம். வாசலில் கால் கழுவத் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் வேட்டியைத் தூக்காமல் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தேன். ஜன்னலில் அந்தப் பெண் நின்றாள். காலைப் பார்த்துவிட்டாள், வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று பயந்தேன். திரும்பும் பஸ்ஸிலேயே, "பொண்ணு ரொம்ப குண்டுக்கா, வேணாம்" என்றேன். அக்கா அதை அப்படியே போனில் சொல்லிவிட்டாள்.

நாவலை முடித்த மறுவாரம் சீர்காழிப் பக்கம் அதே வீட்டுக்குப் போனேன். அவள்தான் கதவைத் திறந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. நான் யார் என்பதையும், காலை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

"நான் உங்க காலைப் பாக்கவே இல்லீங்க" என்றாள். "அன்னைலேருந்து எங்கப்பா சாவுற வரைக்கும் என் தட்டுல எவ்வளவு சோறு கெடக்குன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. இப்ப அண்ணன் பாக்குது. அதுகிட்ட சொல்லுங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "யாருங்க? என்ன வேணும்?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"பழைய பேப்பர் இருக்கான்னு கேக்க வந்தேங்க."

"அதெல்லாம் இல்லீங்க."

அவள் உள்ளே போய்விட்டாள்.

பெண் மேல் ஒரு குறையும் இல்லை. பொய் சொன்னவன் நான். இதைப் பார்த்து இன்னொன்று எழுதி, அவள் அண்ணனுக்குத் தபாலில் போடுகிறேன்.

மார்கழி இருபத்தொன்று, திங்கட்கிழமை.