ஆறு மடங்கு

"லாபம், ரெண்டு, மூணு..." என்று மன்சூர் பாய் முணுமுணுக்கிறார். புனேயில், போபோடிப் பகுதியில் அரிசிக்கடை வைத்திருந்த குடும்பம். படியளக்கும்போது 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்றே தொடங்கிப் பழகிய நாக்கு, பேஸ்கட்பால் ஆட்டத்துக்கு வந்தும் திருந்தவில்லை. புனேயின் தொழில்முறை அணி ஒன்றுக்கு இவர்தான் புள்ளிவிவரம் எடுப்பவர். எதிரே கணினி இருந்தாலும் காகிதத்தில் பென்சில் கோடுதான். கேட்டால், "மெசினுக்குக் கண்ணு ஏது?" என்பார்.

ஒருவன் களத்தில் நிற்கும் நேரத்தில் அணி எத்தனை புள்ளி முந்துகிறதோ, அது அவன் பெயரில் ஏற வேண்டும். அந்தப் புள்ளிகளுக்கு அவன் சம்பளம் தகுமா என்று முதலாளி பார்ப்பார். போன வருடம் ஷ்ரேயஸ் என்ற ஆட்டக்காரனுக்குத் தகவில்லை. "ஒரு பாயிண்டுக்கு ஆகுற செலவு சாஸ்தி" என்று கணக்குச் சொன்னவர் மன்சூர் பாயேதான். வேலை போன அன்றே, ஆகுர்டி சாலையில் மழையில் பைக் சறுக்கி ஷ்ரேயஸ் இறந்துபோனான்.

அன்றிலிருந்து கணக்கு உதைக்கிறது. அணி பன்னிரண்டு புள்ளியில் ஜெயித்தால், களத்தில் ஐந்து பேர் என்பதால், எல்லார் கணக்கும் சேர்ந்து அறுபது வர வேண்டும். எழுபத்திரண்டு வருகிறது. எந்த ஆட்டமானாலும் ஆறு மடங்குதான்.

அவர் கணக்கைக் கணினியில் ஏற்றும் ப்ரீதி முதலில் சிரித்தாள். "அங்கிள், லாபம் சொல்லிட்டு மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுறீங்களா?" வீடியோவை நிறுத்தி, திரையில் விரல் வைத்து அவர் முறையிலேயே எண்ணினாள். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. விரல் நிற்கவில்லை. ஆளில்லாத தரைமேல் போய் வைத்து, "ஆறு" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

மிகுந்ததை யார் தலையிலாவது கழித்தாக வேண்டுமே! வாயில்லாப்பூச்சி ரமேஷ் அகப்பட்டான். "கணக்கு நேராகணும்லா" என்று மன்சூர் பாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் வேறு. பாவி மனுஷன்! நன்றாக ஆடுகிறவன் இப்போது பட்டியலில் கடைசி. இந்த வருடம் அணியைவிட்டு அனுப்பப்படப் போகிறவனும் அவனே. அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.

இன்று முதலாளி தாளுக்காகக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மன்சூர் பாய்க்குப் பயம்தான். ரப்பரை எடுத்து, ரமேஷ் பெயரில் கழித்ததையெல்லாம் அழித்தார். கடைசிப் பெயருக்குக் கீழே 'ஷ்ரேயஸ்' என்று எழுதி, மிகுந்த புள்ளிகளை அதற்கு நேரே போட்டார். சம்பளக் கட்டத்தில் ஒரு சுழியம் வைத்து, தாளை நீட்டினார்.