புகை டிரம்மும் சாமியின் கத்திரிக்காயும்

நான் பாதியில் விட்ட வேலைகளையெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் என் அக்கா வீட்டுப் பின்பக்கம் போனால் போதும். முயல் வளர்க்கக் கட்டிய கூண்டுக்குக் கதவு கிடையாது. மீன் தொட்டிக்கு வெட்டிய குழியில் இப்போது வாழை நிற்கிறது. சுவரில் முக்கால் பாகம் பச்சை, மிச்சம் வெறும் சிமெண்ட். பச்சை பெயிண்ட் தீர்ந்த அன்று எனக்கு ஹூப்ளி போகிற லாரி ஒன்று கிடைத்துவிட்டது.

ஏழாவதோடு பள்ளியை விட்டதும் அப்படித்தான். அதற்குப் பிறகு லாரி கிளீனர், பெங்களூரில் ஓட்டல் பாத்திரம், கோவாவில் படகுக்குப் பெயிண்ட், விசாகப்பட்டினத்தில் ஐஸ் உடைப்பது என்று இருபத்தைந்து வருடம் போயிற்று. எந்த ஊரிலும் ஒரு முழு வருடம் இருந்ததில்லை. சில ஊர்களில் சோறு கிடைத்தது, சில ஊர்களில் கிடைக்கவில்லை. கிடைக்காத ஊர்களில் கொஞ்ச நாள்தான் இருந்தேன்.

கடைசியாகத் திருத்தணிக்கு வந்தபோது கையில் ஒரு யோசனை இருந்தது. பெங்களூருக்கு வெளியே ஒரு ரிசார்ட்டில் பாத்திரம் கழுவியபோது, அங்கே ஓர் இரும்புப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் விறகு கனியும். இன்னொரு பக்கம் கறி, மூடிய கதவுக்குள் வெறும் புகையிலேயே மணிக்கணக்காக வேகும். தீ கறியைத் தொடவே தொடாது. எலும்பைப் பிடித்துத் தூக்கினால் சதை தட்டிலேயே தங்கிவிடும். அதைத் தின்பதற்கு ஜனங்கள் கார் வைத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊரிலோ ஜனங்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறார்கள். மலையேறி, மொட்டையடித்து, விரதம் முடித்து இறங்குகிறவனுக்கு அடுத்த ஆசை என்னவாக இருக்கும் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அக்கா வீடு கே.ஜி.கண்டிகை போகிற சாலையில் இருக்கிறது. வீட்டை ஒட்டி, சாலையைப் பார்த்தபடி ஒரு தகர ஷெட். முன்பு அதில் இரண்டு விசைத்தறிகள் ஓடின. தறிகளை விற்று ஆட்டோ வாங்கிய பிறகு என் பாவா, அதாவது அக்காவின் புருஷன், அதைப் பூட்டிவிட்டார். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றிலேயே தொங்கும். ஒரு பழைய டிரம்மை அந்த மாதிரிப் பெட்டியாக்கி, கோழிக் கடை போட அந்த ஷெட்டைத்தான் கேட்டேன்.

பாவா முயல் கூண்டைப் பார்த்தார். வாழையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"அந்த டிரம்ம செஞ்சி முடி மச்சான். அதுல ஆக்கி எனக்குப் போடு. நல்லா இருந்தா ஷெட்டு உனுது. இல்லன்னா ஆடிக் கிருத்திகைக்கு வர்ற கூட்டம் திரும்பிப் போவும் பாரு, அதோட நீயும் பஸ் ஏறிடு. நானும் உங்க அக்காவும் கைய ஆட்டறோம்."

அக்காவும் தலையை ஆட்டினாள். அவளுக்கும் அலுத்திருந்தது.

அரக்கோணத்தில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். உடனே திருப்பி உருட்டச் சொன்னார். அதில் தீப்பிடிக்கிற பெயிண்ட் தின்னர் இருந்திருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை வெட்டுகிறவன் இரண்டாவது டிரம் வெட்டமாட்டான் என்றார். மறுநாள் அவரே கூட வந்தார். இரும்புக் கடையில் இருந்த டிரம்களில் வரிசையாக மூக்கை வைத்துக்கொண்டே போனார். ஒன்பதாவதில் முகம் மலர்ந்தது. பாமாயில். மிக்சர் போடுகிற எவனோ காலி செய்தது.

அதையும் அவர் சும்மா வெட்டவில்லை. டிரம்மைப் படுக்கவைத்து, வெட்டப்போகிற கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தண்ணீர் ரொப்பினார். உள்ளே ஆவி தங்க இடம் இருக்கக் கூடாதாம். பிறகு கிரைண்டரை வைத்தார். வயிற்றில் ஒரு கதவு வந்தது. அதற்குக் கீல், கைப்பிடிக்கு உடைந்த மண்வெட்டிக் காம்பு. ஒரு பக்கத்தில் நெருப்புக்குச் சின்னதாக ஒரு பெட்டி, காற்றுக்கு இழுத்து மூடுகிற ஒரு தகரம். உள்ளே கம்பித் தட்டு. ஆங்கிள் இரும்பில் கழற்றி மாட்டுகிற நாலு கால். கடைசியாக ஒரு நாள் முழுக்க உள்ளே விறகைப் போட்டு எரித்தோம். பெயிண்டும் பிசுக்கும் கருகி உதிர்ந்தன. இந்த வேலைகளுக்காகப் பட்டறையிலேயே இரண்டு மாதம் படுத்துக்கொண்டேன். டயர்களுக்கு நடுவே படுப்பது எனக்குப் புதிதில்லை.

புகைபோக்கிதான் என் சொந்த யோசனை. பட்டறை மூலையில் ஒரு லாரி சைலன்சர் குழாய் கிடந்தது. புகை வெளியே போகிற வழிதானே, எதுவாக இருந்தால் என்ன என்று மாட்டச் சொன்னேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் மாட்டினார். முதல் கோழியை வைத்தோம். குழாய் சூடேறியதும் பல வருடத்து டீசல் கரி இளகி, ஒவ்வொரு சொட்டாகக் கோழியின் முதுகில் இறங்கியது. பாய் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார்.

"ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸு," என்றார். "டிக்கெட் எடுக்கணுமா, பாஸ் இருந்தா போதுமா?"

போர்வெல் குழாய்த் துண்டு ஒன்றைப் புகைபோக்கியாக மாற்றினோம். இரண்டாவது கோழி வெளியே கருப்பு, உள்ளே சிவப்பு. வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலங் கரியைக் கனியவிட்டு, அதன் மேல் மாங்கட்டையை வைத்து, காற்றுத் தகரத்தை இரண்டு விரல் அளவுக்குத் திறந்துவைத்தால் போதும் என்று மூன்றாவதில் பிடிபட்டது. கதவுக்கு மேலே கையை நீட்டி எண்ணினால், எட்டில் சூடு தாங்காமல் கை தானாக இழுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் பதம். ஐந்திலேயே இழுத்தால் சூடு அதிகம். பன்னிரண்டு வரை போனால் விறகு பற்றவில்லை. மூன்றாவது கோழியைப் பாய் எலும்போடு மென்றார். எனக்கு ஒரு தொடைதான் மிஞ்சியது. இன்னும் நாலு கோழிகள் அதில் ஏறி இறங்கின. டிரம்மின் உள்சுவர் கொழுப்பும் புகையும் சேர்ந்து, நல்லெண்ணெய் தடவிய தோசைக்கல் போலக் கருத்து மின்னியது. அந்தக் கருப்புதான் ருசி. அதைச் சுரண்டிவிட்டால் பழையபடி பாமாயில் டிரம்தான்.

முடிந்துவிட்டது, வந்து ஏற்றிக்கொண்டு போங்கள் என்று பாவாவுக்குப் போன் செய்தேன். ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் எனக்குச் சகலமும் நின்றது. மஞ்சள் வேட்டி, நெற்றி முழுக்க விபூதி, கழுத்தில் மாலை. இந்த வருடம் காவடி எடுக்கிறாராம். ஒரு மண்டலம் விரதம். நான் டயர்களுக்கு நடுவே கோழி எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் ஆடி வந்திருக்கிறது. என்னிடம் காலண்டர் இருந்ததில்லை.

மாலை போட்டவரைப் பாவா என்று கூப்பிடக் கூடாது. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சாமி டிரம்மைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டார். அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தார்.

"இன்னா வாசன இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "பெயிண்ட் எரிச்சது, சாமி. போவப் போவ சரியாயிடும்."

சாமி தலையை ஆட்டினார். கால்களைக் கழற்றி, டிரம்மைப் பின் சீட்டில் குறுக்கே படுக்கவைத்தோம். முன்னால் மயில் படம் ஒட்டிய அந்த ஆட்டோவில், நான் சாமியின் பக்கத்தில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கிக்கொண்டு வந்தேன். வழியில் அவர் சொன்னார்: சொன்ன வார்த்தை வார்த்தைதான். கிருத்திகைக்கு முன்னால் ருசி பார்க்கிறேன். ஆனால் நான் தின்னக்கூடியதாக வை.

ஏழு கோழி வெந்த டிரம்மில் விரதக்காரருக்கு எதை வைப்பது? உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் சாமி தொடமாட்டார். தொடாவிட்டால் ருசி பார்க்க முடியாது. ருசி பார்க்காவிட்டால் ஷெட் இல்லை, பஸ்தான். கம்பித் தட்டை மட்டும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். உள்சுவரைத் தொடவில்லை.

அக்கா பின்னால் வந்து நின்று பார்த்தாள். "இதுல ஏற்கெனவே எதனா வெச்சியாடா?"

"தட்ட நல்லா கழுவிட்டேன்க்கா."

"நான் கேட்டது அது இல்ல."

"மூணு வாட்டி கழுவினேன்."

அவள் என்னைப் பார்த்தபடியே உள்ளே போனாள். மேற்கொண்டு கேட்கவில்லை. ஷெட் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று அவளுக்கும் ஓர் ஆசை இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

முள்ளுக் கத்திரிக்காயில் பெரிதாகப் பொறுக்கி ஒரு கிலோ வைத்தேன். இரண்டு மணி நேரம் புகையில் கிடந்து, காற்றுப்போன டியூப் போலத் தொய்ந்தது. தோலை உரித்து, பச்சை மிளகாய், புளி, உப்பு போட்டுக் கடைந்தாள் அக்கா. விரதம் என்பதால் வெங்காயம், பூண்டு கிடையாது. சாமி இலை போட்டு உட்கார்ந்தார். ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தார். வாய் நின்றது. கண் மேலே கூரைக்குப் போனது. எனக்கு ஹூப்ளி லாரிகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. பிறகு வாய் மறுபடியும் அசைந்தது. சட்டியைக் காட்டினார். அக்கா இன்னொரு கரண்டி வைத்தாள். அதுவும் தீர்ந்தது. மூன்றாவது முறை அவரே சட்டியை இழுத்து வழித்துக்கொண்டார்.

"எப்படி சாமி?"

"ம்," என்றார். கை கழுவி வந்த பிறகு, கத்திரிக்காயை வைத்துக் கோழிக் கடைக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, மாலையைக் கழற்றிய பிறகு பார்க்கலாம் என்றார். பஸ் மூன்று நாள் தள்ளிப்போனது.

ஆடிக் கிருத்திகை அன்று ஊரில் கால் வைக்க இடமில்லை. பாவாவின் பூக்காவடியோடு நானும் படி ஏறினேன். என் வேலை தண்ணீர் பாட்டில். ஏறுகிற வழியெல்லாம் அரோகரா. நானும் சொன்னேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. மேலே காவடி செலுத்தி, தரிசனம் முடித்து, கீழே இறங்கி வந்தோம். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பாவாவிடம் அவர் செருப்பைக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. இங்கேயே இரு, ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடியும் படி ஏற ஆரம்பித்தார். தனியாக, வெறுங்கையோடு. கூட்டத்தில் அந்த மஞ்சள் வேட்டி கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் அவருடைய செருப்பைக் காவல் காத்தேன். திரும்பி வந்தபோது அவருடைய உள்ளங்கால்கள் தக்காளி நிறத்தில் இருந்தன. எதை விட்டுவிட்டு வந்தார் என்று கேட்டேன். ஏறு என்று சொல்லி ஆட்டோவை எடுத்தார்.

மாலை கழற்றிய மறுநாள் கோழி வைத்தேன். மிளகும் உப்பும் எலுமிச்சையும் தடவி, மாங்கட்டைப் புகையில் நாலு மணி நேரம். கையை நீட்டி எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே இருந்தேன். பாவா வந்து உட்கார்ந்தார். தொடையைப் பிடித்துத் தூக்கினார். எலும்பு மட்டும் கையோடு வந்தது. சதையை எடுத்து வாயில் வைத்தார். வாய் நின்றது. கண் கூரைக்குப் போனது. அன்றைக்குப் போலவே.

"இதேதான்," என்றார்.

"எது பாவா?"

"கத்திரிக்காய்ல இருந்துச்சே, அது. கத்திரிக்காய்க்கு ஏது மச்சான் தொடக்கறி வாசன?"

நான் காற்றுத் தகரத்தைச் சரிசெய்யக் குனிந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். வந்தது என்னிடம் அல்ல. "அப்போ தெரிஞ்சிகினுதான் துன்னீங்களா?"

"வாய்ல வெச்சப்புறம்தான் தெரிஞ்சிது. சாமி துப்ப முடியுமா?"

"அப்புறம் ரெண்டாவது வாட்டி போட்டுக்கினீங்களே?"

"சந்தேகம் இருந்திச்சி."

"மூணாவது?"

பாவா அடுத்த துண்டைப் பிய்த்தார். அதை மென்று முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முதல் தடவ ஏறினது வேண்டுதலுக்கு. ரெண்டாவது தடவ உன் கத்திரிக்காய்க்கு. முந்நூத்தி அறுபத்தஞ்சி படி, அந்த வெயில்ல. கால் இன்னும் எரியுது. அடுத்த வருஷம் நான் ஏறமாட்டேன். நீ மாலை போட்டுக்கினு நீ காவடி எடுக்கற."

"ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

"மூணு," என்றாள் அக்கா. "கழுவிட்டேன் கழுவிட்டேன்னியே, அதுக்கு ஒண்ணு."

அடுத்த வருடம் மாலை போட வேண்டுமென்றால் அடுத்த வருடம் நான் இங்கே இருந்தாக வேண்டும். அது எனக்கு உறைப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் பாவா இடது கையால் வேட்டி மடிப்பைத் துழாவி, கயிற்றிலிருந்து சாவியைக் கழற்ற முயன்றார். ஒரு கையால் முடியவில்லை. கோழியைப் பிய்த்த கையையும் சேர்த்து இழுத்தார். வந்தது. நீட்டினார்.

சாவி முழுக்கக் கொழுப்பு. வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.