வண்டி கிளம்புகிற விலை

குன்னூரிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில், தேயிலைச் சரிவு முழுசாகத் தெரிகிற ஒரு வளைவு உண்டு. சுற்றுலா வண்டிகள் அங்கே நிற்காமல் போகாது. மனோகரனும் அவர் மனைவி ராஜகுமாரியும் பிழைப்பது அந்த வளைவில்தான். ராஜகுமாரி சேலை, தலைத்துணி, முதுகில் மாட்டுகிற கூடை எல்லாம் வாடகைக்குத் தருவார். சமவெளியிலிருந்து வருகிற பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிப்பதுபோல நிற்பார்கள். மனோகரன் படம் எடுத்து, குடைக்குக் கீழே வைத்திருக்கிற சின்னப் பிரிண்டரில் அங்கேயே போட்டுக் கொடுப்பார்.

ராஜகுமாரி ஜெகதளா பக்கம் ஒரு எஸ்டேட்டில் நிஜமாகவே கொழுந்து எடுத்தவர். "நெசமா எடுத்தப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கலைங்க. இப்ப சும்மா நிக்கறதுக்கு அம்பது ரூவா குடுக்கறாங்க" என்று கூடையை மாட்டிவிடும்போது சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வாடகையில் பேரம் பேச மாட்டார்கள் என்பது அவர் அனுபவம்.

மனோகரனின் வழி வேறு. யாரும் கேட்காமலேயே படம் எடுத்துவிடுவார். பிரிண்ட் போட்டு, காயும் முன்பே கையில் கொண்டுபோய்க் காட்டுவார். "வேண்டாம்னா விட்டுருங்க, பாக்கறதுக்குக் காசில்ல." நூறு ரூபாய் என்பார். டிரைவர் ஹாரன் அடித்து எல்லாரும் ஏறியதும் ஜன்னலோரம் போய் அறுபது என்பார். வண்டி நகரும்போது நாற்பது. இதற்கு அந்த வளைவில் 'வண்டி கிளம்பற வெல' என்று பெயர். தன் முகத்தை நாற்பது ரூபாய்க்கு விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு. அப்படியும் விட்டுப்போன படங்களைக் கிழிக்க அவருக்கு மனசு வராது. வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன.

"ஊர் பேர் தெரியாதவங்க எல்லாம் நம்ம ஊட்ல இருக்காங்க. நாமதான் இல்ல" என்பார் ராஜகுமாரி.

உண்மைதான். கல்யாணப் படத்தை மலைக்குளிரின் பூஞ்சை தின்று, மனோகரனின் மாமனார் முகமும் ராஜகுமாரியின் ஒரு கையும் மட்டும் மிஞ்சியிருந்தன. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து நின்ற படம் எதுவும் இல்லை. மனோகரன் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் இருந்தார். செல்ஃபிக்கு நிற்கவும் மாட்டார். செல்ஃபி வந்த பிறகு வருமானம் பாதியாகிவிட்டது, அதற்குப் போய் நான் பல்லைக் காட்டுவதா என்பது அவர் வாதம்.

அவர்கள் மகள் ரேகா பி.காம். முடித்துக் கோயமுத்தூரில் வேலைக்குப் போகிறாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், தள்ளுபடி விலையில் அப்பா அம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கினாள். சென்னையில் ஏறி, நடுக்கடலில் சுற்றி, மூன்றாம் நாள் காலை சென்னையிலேயே இறங்குவது. டிக்கெட்டைக் காட்டியபோது அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

"ரூமு, சாப்பாடு எல்லாம் டிக்கெட்லயே சேந்துரும்ப்பா. ஆனா மேல எக்ஸ்ட்ரா செலவு இருக்கு. டிப்ஸ், ஜூஸ், வைஃபை, அப்புறம் ஸ்பான்னு மசாஜ் பண்ணுவாங்க..."

"மசாஜா? உங்கம்மாளுக்கு முதுகு புடிச்சா நாந்தான் தைலம் தேய்க்கறேனே."

"நீங்க தேச்சா இருக்கற முதுகும் போயிருமுங்க" என்றார் ராஜகுமாரி.

"அதுக்கும் நானே பணம் கட்டிர்றேன்ப்பா."

மனோகரன் கையை உயர்த்தித் தடுத்தார். "டிக்கெட்டு உன்னுது கண்ணு. மேல்செலவு எங்களுது. இங்க வர்றவங்க எல்லாம் ரூமுக்கும் ரயிலுக்கும் கணக்குப் போட்டுட்டு வர்றாங்க. அதுக்கு மேல இருக்கற காசுலதான் உன்னையப் படிக்க வெச்சேன். மேல்செலவைப் பத்தி எனக்கா சொல்லித் தர்ற?"

எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கினார். அதில் மூவாயிரமாவது மிச்சம் கொண்டுவந்து ரேகாவிடம் காட்ட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு பந்தயம். மகளுக்கு இனி இந்தச் செலவுப் பயம் இருக்கக்கூடாது, அப்பா எங்கே போனாலும் சமாளிப்பார் என்று அவள் நம்ப வேண்டும்.

கப்பலில் ஏறியதும் எட்டாயிரத்தையும் வாங்கிக்கொண்டு ஓர் அட்டை கொடுத்தார்கள். ரூம் சாவியும் அதுதான், பணமும் அதுதான். எங்கே எது வாங்கினாலும் அட்டையை நீட்டினால் போதும். மனோகரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காசு கையை விட்டுப் போறதே தெரியாது பாத்தியா. பெரிய தொழில்காரனுங்க, புள்ள."

அதன் பிறகு அவர் கடலைப் பார்த்ததைவிடக் கடைகளைப் பார்த்ததுதான் அதிகம். சாப்பாட்டுக் கூடத்தில் டீ இலவசம். ஒரு மாடி மேலே அதே டீ, கண்ணாடிக் கெட்டிலில் வந்தால் இருநூற்றைம்பது. ராஜகுமாரி விலையைப் படித்துவிட்டு, "இது நான் எடுத்த கொழுந்தா இருந்தா, எனக்கு அரியர்ஸ் தரணுமுங்க" என்றார். இருவரும் கீழே போய் இலவச டீயை மூன்று தடவை குடித்தார்கள். ஒரு மாம்பழ ஜூஸ் மட்டும் வாங்கி இரண்டு குழல் போட்டுக் குடித்தார்கள். டிப்ஸுக்கு என்று அட்டையிலேயே ஒரு பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் கணக்கு அவர் நினைத்தபடியே நடந்தது.

இரண்டாம் நாள் மதியம் மூன்றாம் மாடியில் ஒரு சுவர் நிறையப் படங்கள் தொங்கின. கப்பல் போட்டோகிராபர் முதல் நாள் மாலை, கேட்காமல் எடுத்தவை. மனோகரனுக்குச் சிரிப்பு வந்தது. நம்ம வேலையேதான். சிரித்துக்கொண்டே பார்த்தவர் ஒரு படத்துக்கு முன் நின்றுவிட்டார்.

மேல்தளக் கம்பியோரம் ராஜகுமாரி வாய்விட்டுச் சிரிக்கிறார். காற்றில் முந்தானை பறக்கிறது. பக்கத்தில் மனோகரன் கேமராவையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. ராஜகுமாரியைப் பார்க்கிறார். இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கான ஜோடிகளிடம் 'இங்க பாருங்க, இங்க பாருங்க' என்று சொன்னவர் அவர். கேமராவைப் பார்க்காத படம் ஒன்று இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தன் முகம் இப்படி ஆகும் என்பதும் தெரியாது.

"ஏனுங்க, இது நாமதானே?" ராஜகுமாரி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வாங்கிக்கலாமுங்க."

விலை ஆயிரத்து இருநூறு. பேப்பருக்கும் மைக்கும் எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் தொல்லை.

"இரு புள்ள. நாளைக்குக் காலைல எல்லாரும் எறங்கறப்ப வரலாம். அப்ப வண்டி கிளம்பற வெலைக்கு வந்துரும். அறுநூறுக்குத் தருவான் பாரு."

"வேற யாராச்சும் எடுத்துட்டுப் போய்ட்டா?"

"நம்ம மூஞ்சிய எவன் வாங்குவான்?"

ராஜகுமாரி அதற்குச் சிரிக்கவில்லை. மாலையில் இன்னொரு தரம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எங்கே போனாய் என்று மனோகரன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று படுத்த பிறகு நினைத்தார்.

காலையில் கப்பல் சென்னையை நெருங்கும்போது இருவரும் பையோடு மூன்றாம் மாடிக்குப் போனார்கள். சுவர் வெறுமையாக இருந்தது. கிளிப்புகள் மட்டும் வரிசையாகத் தொங்கின. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஆளின் சட்டையில் உவைஸ் என்று பெயர் எழுதியிருந்தது. முப்பது வயதிருக்கும்.

"மிச்சப் படமெல்லாம் எங்கீங்க?"

"நைட்டே மெஷின்ல போட்டு அழிச்சாச்சு அண்ணே. விக்காததை வெச்சிருக்கக் கூடாது, கம்பெனி ரூல்."

அழிப்பார்கள் என்று மனோகரன் நினைத்தே பார்க்கவில்லை. முகத்தை யாராவது கிழிப்பார்களா? ராஜகுமாரியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "விடுங்க, போலாம்" என்றார். எஸ்டேட்டில் கொழுந்தை எடை போடுகிறவர் இரண்டு கிலோவைக் குறைத்து எழுதும்போதும் ராஜகுமாரி இதே குரலில்தான் விடுங்க என்பாராம். அவரே ஒருநாள் சொல்லியிருக்கிறார். இன்று எடைக்காரன் நான்தான் என்று மனோகரனுக்குத் தோன்றியது.

"தம்பி, கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல?"

"இருக்குண்ணே. எல்லாரும் எறங்கற வரைக்கும். ஆனா பிரிண்டர மூடிட்டோம். போன்ல காப்பியாத்தான் தர முடியும்." உவைஸ் தயங்கினார். "அது ரெண்டாயிரம். வெல நான் வெக்கிறதில்ல."

"நாங்களும் இதே தொழிலுதான்னு சொல்லுங்களேன்" என்று ராஜகுமாரி காதோரம் சொன்னார். "கொறைச்சாலும் கொறைப்பாங்க."

மனோகரன் சொல்லவில்லை. கேட்காமலேயே தன்னை எடுத்தவனிடம், தானும் கேட்காமல் எடுக்கிறவன் என்று சொல்லி விலை குறைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அட்டையை நீட்டினார்.

"அந்த வெலைக்கே குடுங்க."

உவைஸ் படத்தைத் தேடித் திரையில் பெரிதாக்கினார். "ஓ, இதா? இது எனக்கே புடிச்ச படம்ணே. ரெண்டு பேரும் நான் நிக்கறதைக் கவனிக்கவே இல்ல."

"அப்பிடி என்னதான் சொன்னீங்க, நான் இப்பிடிச் சிரிக்க?" என்றார் ராஜகுமாரி. மனோகரன் யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

சிக்னல் கிடைத்ததும் ராஜகுமாரி முதல் வேலையாக அதை ரேகாவுக்கு அனுப்பினார். துறைமுகத்தின் வெளிவாசலுக்கு வருவதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எக்ஸ்ட்ரா செலவு ரொம்ப ஆயிருச்சா? கையில காசு இருக்கா?"

"ஆயிரம் ரூவாகிட்ட மிச்சம் கண்ணு." மூவாயிரத்தை நினைத்து அவர் வருத்தப்படவில்லை. வருத்தம் வருகிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"அந்தப் போட்டோ... நீங்க இப்படிப் பாத்து நான் பாத்ததே இல்லப்பா. யாரு எடுத்தது?"

"தொழில் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு" என்றார் மனோகரன்.

ராஜகுமாரி ஆட்டோக்காரரிடம் சென்ட்ரலுக்கு எவ்வளவு என்று பேரம் பேச ஆரம்பித்திருந்தார்.