எங்கள் வீட்டுத் தண்ணீர் விழாத காலை

மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம் நடந்தது இது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மன்னார்குடியில், எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய சந்தில் எங்கள் வீடு. என் மாமனார் காலத்துக் கட்டடம். தேக்கு உத்தரம் போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட மாடி. மழை வந்தால் வீடு முழுக்கப் பாத்திரம் பரப்ப வேண்டும். எந்தச் சொட்டுக்கு எந்தக் குண்டான் என்பது எனக்கு மனப்பாடம்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வரும் நேரத்தில்தான் சம்பந்தியம்மா போனில் கேட்டுவிட்டார்: "ஒழுகுற வீட்டுல பச்சப் புள்ளைய எங்கங்க படுக்க வைப்பீங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே கொத்தனாரைக் கூட்டி வரச் சொல்லி என் கணவரைப் பிடுங்கி எடுத்துவிட்டேன்.

கொத்தனார் விரிசல்களைக் கொத்தி எடுத்துப் புதுத் தளம் போட்டார். கைப்பிடிச் சுவருக்கு அடியில் கசிந்துகொண்டிருந்த பொத்தல்களை எல்லாம் அடைத்தார். மழைத் தண்ணீர் வெளியேற, தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த பழைய குழாய் ஒன்றுதான் மிச்சம். தளம் இறுகும்வரை மாடியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றார். என் கணவர் சிரித்துவிட்டார். "தண்ணி கட்டுறத எனக்கா சொல்லித் தர்றீங்க?" அவர் விவசாயி. வயலில் மடையை அடைப்பது போலவே, கோணிச் சாக்கைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, வயலிலிருந்து கொண்டுவந்த களிமண்ணை அப்பி அடைத்தார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. கொத்தனாரே வாயைப் பிளந்தார்.

அந்தக் குழாயால் எங்களுக்கு ஒரு பகையும் உண்டு. எதிர்வீட்டுப் பாய் தன் வீட்டு முன்பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார். சந்தின் சாய்வு அவர் பக்கம். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் மாடித் தண்ணீர் விழுந்து அவர் கடைப்படியில் தெறிக்கும். ஒவ்வொரு மழைக்கும் அவர் வெளியே வந்து நின்று, "ஒங்க வூட்டுத் தண்ணிக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்பார். நானும் விடமாட்டேன். "மழைய நிறுத்தச் சொல்லி மேல கேளுங்க பாய்" என்பேன். அந்த வருடம் ஆடியில் பேச்சு கொஞ்சம் முற்றி, இரண்டு வீட்டுக்கும் முகம் பார்ப்பதே நின்றுவிட்டது.

தளம் காயும் முன்பே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. குறித்த தேதிக்கு நாள் இருந்தும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆபரேஷன்தான். பேத்தி பிறந்தாள். அந்த அலைச்சலில் மாடியில் நின்ற தண்ணீர் வெயிலில் தானாக வற்றிப்போனது. குழாய்ச் சாக்கை நான் எடுத்திருப்பேன் என்று என் கணவரும், அவர் எடுத்திருப்பார் என்று நானும் இருந்துவிட்டோம்.

மகளும் குழந்தையும் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. புயல் சின்னம் என்றார்கள். சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. பழக்க தோஷத்தில் இருந்த பாத்திரத்தை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, மேலேயே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. விடிந்ததும் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, "இந்த மழையிலயும் வீடு ஒரு பொட்டு ஒழுகலைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பல் விளக்கவே போனேன்.

சம்பா நட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பயிர் மூழ்கிவிடும், வரப்பை வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும் என்று என் கணவர் மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். கரண்டும் இல்லை. அப்போதுதான் வாசலில் குடையோடு பாய் வந்து நின்றார்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பச்சை உடம்புக்காரி தூங்குகிற நேரத்தில் இந்த மனிதருக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சலாக வந்தது.

"ஏங்க, ஒங்க வூட்டுத் தண்ணி ஏன் விழல?" என்றார்.

"விழுந்தாலும் குத்தம், விழலன்னாலும் குத்தமா பாய்?"

"கோவத்த அப்பறம் வச்சுக்கலாம் தங்கச்சி. நேத்து சாயங்காலத்துலேருந்து ஊத்துது. மேலேருந்து ஒரு பொட்டுத் தண்ணி கீழ வரல. அவ்வளவு தண்ணியும் எங்க நிக்குது?"

திரும்பி நிமிர்ந்து பார்த்தேன். புதிதாக வெள்ளையடித்த கூரை, காய்ந்து பளிச்சென்று இருந்தது. ராத்திரியெல்லாம் நான் பெருமைப்பட்ட அதே வெள்ளை. முன்பெல்லாம் ஆறு இடத்தில் ஒழுகியபோதாவது தண்ணீருக்குப் போக வழி இருந்தது. இப்போது எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டு, குழாயையும் அடைத்துவிட்டு, மாடியை வயலாக்கி வைத்திருக்கிறோம். அந்த வயலுக்கு நேர் கீழே என் மகளும் குழந்தையும் படுத்திருக்கிறார்கள்.

உள்ளே ஓடினேன். உத்தரத்தில் நறுக்கென்று ஒரு சத்தம். விரல் நகம் அளவு சுண்ணாம்பு உதிர்ந்து, குழந்தையை மூடியிருந்த கொசுவலைக் குடைமேல் விழுந்தது. "எந்திரிம்மா, எந்திரி" என்று கத்தினேனே தவிர, அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்குள் பாயின் மனைவி பாயம்மா கடையிலிருந்து பெரிய பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மகள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் தீட்டுக்கூடக் கழிக்கலையேம்மா, அவங்க வீட்டுக்கு எப்படி..." என்று தயங்கினாள்.

"தீட்டாவது ஒண்ணாவது, புள்ளைய இப்படிக் குடு" என்று பாயம்மா குழந்தையை வாங்கி ஷீட்டுக்குள் பொதிந்துகொண்டு நடந்தார். மகளை நான் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். சந்தைக் கடக்க நாலு எட்டுதான். அத்தனை தூரமாக அது எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அவர்களை உள்ளே விட்டதும் மாடிப்படியை நோக்கி ஓடினேன். பாய் குறுக்கே நின்றார். "ஏறாதீங்க. தண்ணி கனம் போதாதா, ஒங்க கனமும் வேணுமா?" என் உடம்பைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று அந்த நிலைமையிலும் ஒரு சந்தேகம் வந்து போனது.

கடையில் மேல் தட்டுத் துணி எடுக்கும் ஏணியையும், ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியையும் கொண்டுவந்தார். ஏணியைச் சந்தில் சாத்தி நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறிக் குழாய்க்குள் கம்பியை விட்டுத் துழாவினார். கொக்கி சாக்கில் மாட்டிக்கொண்டது. இழுப்பதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, திரும்பித் தன் கடையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தீபாவளிச் சரக்கு. கீழ்த் தட்டிலும் தரையிலுமாகப் பிரிக்காத பண்டல்கள். இத்தனை தண்ணீரும் எந்தப் பக்கம் போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வருடக்கணக்காக அதைப் பற்றித்தானே சண்டை போட்டிருக்கிறோம்?

"பாய், சரக்க மேல ஏத்திட்டு எடுக்கலாமே" என்றேன். சொல்லும்போதே எனக்கு உத்தரத்தின் சத்தம் காதில் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"துணிதான? நனைஞ்சா காயும்" என்றவர், பிஸ்மில்லா சொல்லி இழுத்தார்.

முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாவதற்கும் அசையவில்லை. என் கணவரின் கைவேலையை அன்றைக்கு நான் சபித்த சாபம் அவர் ஜென்மத்துக்கும் போதும். மூன்றாவது இழுப்பில் சாக்கு பிய்த்துக்கொண்டு வந்தது. கூடவே களிமண் கலந்த தண்ணீர், மதகு திறந்தது போலப் பாய்ந்தது. ஏணியோடு நாங்கள் விழாமல் நின்றதே பெரிது. தண்ணீர் சந்தை அடித்துக்கொண்டு போய், படியேறி, நேராகக் கடைக்குள் புகுந்தது. பாயம்மா உள்ளேயிருந்து பண்டல்களைத் தூக்கித் தூக்கி மேலே எறிந்துகொண்டிருந்தார். முக்கால்வாசி நனைந்தே போயின.

மதியம் உடம்பெல்லாம் சேறாக என் கணவர் வந்தார். "வடிச்சு உட்டுட்டேன், பயிர் தப்பிச்சிருச்சு" என்றார் பெருமையாக. நான் வாசலில் கிடந்த சாக்கைக் காட்டினேன். அவர் மாடியைப் பார்த்தார், எதிர்க்கடையைப் பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மழை விட்டுக் கொத்தனார் வந்து உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, பயமில்லை என்று சொல்லும்வரை என் மகளும் பேத்தியும் பாய் வீட்டில்தான் இருந்தார்கள். நனைந்த துணிகளை அலசி, எங்கள் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிக் காயப்போட்டோம். ஊரிலேயே ஒழுகாத வீடு எங்களுடையதுதானே! சட்டைத் துணிக்கும் பாவாடைத் துணிக்கும் நடுவே குனிந்து குனிந்து நான் சமையலறைக்குப் போய் வந்தேன். களிமண் கறை போகாத துணிகளும் நிறைய இருந்தன. அவற்றைப் பற்றி பாய் இன்றுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தண்ணீர் கொல்லைப்பக்கம் விழும்படி குழாயைத் திருப்பிவிடுகிறேன் என்று என் கணவர் சொன்னார். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "கொல்லையில விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்? கண்ணு முன்னாடியே விழட்டும்" என்றார். கடைப்படியை மட்டும் நாங்கள் உயர்த்திக் கட்டிக் கொடுத்தோம். ஒவ்வொரு புரட்டாசியிலும் என் கணவர் மாடி ஏறிக் குழாயைச் சுத்தம் செய்கிறார். நான் நம்பாமல் பின்னாலேயே ஏறிப் பார்க்கிறேன்.

இப்போதும் மழை பிடித்தால் எனக்குப் பயம்தான். ஆனால் கூரையைப் பார்ப்பதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் எதிரேயிருந்து, "தெறிக்குது பாருங்க, ஒங்க வூட்டுத் தண்ணிக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று அந்தப் பழைய குரல் வரும். அதைக் கேட்ட பிறகுதான் போய் நிம்மதியாகப் படுக்கிறேன்.