மச்சினன் முகம் தெரியாத படம்

உங்கள் வீட்டு லேப்டாப்பில் படம் போட்டால் ஆள் முகம் தெரிகிறதா? எங்கள் வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை தெரியவில்லை.

என் மனைவி வள்ளியின் தம்பி முருகேசன், சென்னையில் நடிக்க வாய்ப்பு தேடி அலைகிறவன். முதல் முறையாக ஒரு படத்தில் தலைகாட்டியிருக்கிறான். படம் தியேட்டருக்கு வராமல் நேராக ஓடிடிக்கு வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டு டிவி ரிப்பேர். ஆகவே லேப்டாப்.

"குடோன் சீன்ல வருவேன்க்கா, பாத்துட்டுச் சொல்லு" என்று சொல்லியிருந்தான். குடோன் வந்தது. திரை முழுக்க ஒரே கரி. யாரோ ஓடுகிறார்கள்... யாரோ கத்துகிறார்கள்... இதில் முருகேசன் யார்?

"எந்தம்பி மொகத்தையே காணோம். வெளிச்சத்தைக் கூட்டுங்க" என்றாள் வள்ளி. கூட்டினேன். கையை எடுத்ததும் தானே இறங்கியது. மறுபடி கூட்டினேன் — மறுபடி இறங்கியது. செட்டிங்ஸுக்குள் நுழைந்து எதையெதையோ அணைத்தேன். சார்ஜர் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தேன். ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், திறந்தும் பார்த்தேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"அவன் நடிக்கப் போனது உங்களுக்குப் பிடிக்கல. வேணும்னே இருட்டாக்குதியளோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருட்டாக்கத் தெரிந்தவனுக்கு வெளிச்சமாக்கத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்து அவனே லேப்டாப்பில் வீடியோ காலில் வந்தான். "எப்படிக்கா நடிச்சிருக்கேன்?"

"ராசா மாதிரி இருந்தலே!" என்றாள் வள்ளி, கூசாமல்.

அவன் முழித்தான். "அத்தான், அங்கன கரண்ட் இல்லையா? உங்க ரெண்டு பேரையும் தெரியல. கேமராவுல என்னத்த அப்பி வச்சிருக்கிய?"

பார்த்தேன். திரைக்கு மேலே, நட்டநடுவில், ஆயுத பூஜைக்கு வள்ளி வைத்த சந்தனமும் குங்குமமும்! பூஜைப் பொட்டை யாராவது துடைப்பார்களா? அது தானாக உதிர வேண்டும். பைக், மிக்ஸி, பீரோ என எல்லாவற்றிலும்தான் இருக்கிறது. கண்ணுக்குப் பழகிவிட்டது.

"பக்கத்துலயே வெளிச்சத்தை அளக்குற சென்சார் இருக்கும் அத்தான். அதை மூடிட்டா ரூமே இருட்டுன்னு நினைச்சு ஸ்க்ரீன் மங்கிரும். பைய தொடைங்க" என்றான்.

நான் இந்த லேப்டாப்பில் வெள்ளைப் பக்கத்தில் பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவன். பூஜை நாளிலிருந்தே திரை மங்கியிருந்தது எனக்கு எங்கே உறைத்தது?

அவன் பேசி முடித்ததும் துடைத்தேன். படத்தை மறுபடி போட்டேன். என்ன ஆச்சரியம்... முருகேசன் கண்ணும் மூக்குமாகத் தெரிந்தான். வள்ளிக்கு வாயெல்லாம் பல். அடுத்த நொடியே வில்லன் அவன் வயிற்றில் கத்தியைச் செருகினான். முருகேசன் விழுந்து, துடித்து, செத்துப்போனான். நன்றாகவே செத்தான்.

வள்ளி லேப்டாப்பைப் படக்கென்று மூடினாள். ஒரே அழுகை. நடிப்புதானே என்றால் கேட்டால்தானே? தம்பிக்கு போன் போட்டாள். "சாப்பிட்டியால?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பூஜை அறைக்குப் போய் சந்தனமும் குங்குமமும் எடுத்துவந்து, லேப்டாப்பைத் திறந்து அதே இடத்தில் அழுத்தி வைத்தாள்.

"எந்தம்பி நல்லா இருக்கணும்."

இந்தப் பத்தியை மங்கலான ஸ்க்ரீனில்தான் எழுதுகிறேன். துடைக்கத் தைரியமுள்ளவர்கள் வீட்டுக்கு வரலாம்... வள்ளி இருக்கும்போது!